மறதியோடு வாழ ஒரு கைப்பேசி

அறிவாற்றல் மறுவாழ்வு என்பது நினைவும் கவனமும் திட்டமிடும் திறனும் தளர்ந்துபோன ஒருவர், தமக்கு முக்கியமான அன்றாட வேலைகளை மறுபடியும் செய்ய வழி அமைத்துக் கொடுப்பது. பக்கவாதம் வந்து மீண்டவர்களுக்கும், தலையில் அடிபட்டவர்களுக்கும், முதுமை மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கும் இது தரப்படுகிறது. கைகால் விழுந்தவருக்கு இயன்முறை சிகிச்சை எப்படியோ, நினைவு தளர்ந்தவருக்கு இது அப்படி என்று சொல்வதுண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். மடக்கி நீட்டிப் பழகினால் கைக்கு வலு கூடும். நினைவையும் அப்படிப் பழக்கி வலுவாக்கலாம் என்பதற்குச் சான்று மிக மெலிவானது. ஆகவே மறுவாழ்வு, தளர்ந்த நினைவைக் கெட்டிப்படுத்துவதைவிட, அந்த நினைவு பார்த்துவந்த வேலையை வேறொன்றிடம் ஒப்படைப்பதையே பெரிதும் நம்புகிறது. வீட்டில் கிடக்கும் கைப்பேசிக்கு இங்கேதான் வேலை வருகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரை எடுத்துக்கொள்வோம். வட்டத் தலைமையிடம், ஊரிலேயே அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் நரம்பியல் நிபுணரைப் பார்ப்பதென்றால், 2017-ல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருச்சிக்கோ பேருந்து ஏறுவதுதான் வழக்கம். ஒரு தடவை என்றால் போய்வந்துவிடலாம். மறுவாழ்வு ஒரு தடவையில் முடிகிற காரியமல்ல; வாரம் ஒன்றோ இரண்டோ அமர்வுகள் என்று மாதக்கணக்கில் நடப்பது. ஒவ்வொரு முறையும் துணைக்குப் போகும் மகனோ மருமகளோ அன்றைய கூலியை விட்டாக வேண்டும். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வீடுகளில் துணைக்கு ஆளே இல்லை. அப்படிப்பட்ட வீட்டிலும் பெரும்பாலும் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது. பிள்ளைகள் வீடியோ அழைப்பில் பேசுவதற்காக வாங்கிக் கொடுத்தது அது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, முதுமை மறதி நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நகரங்களில் 5.3 சதவீதமாக உள்ள இந்த விகிதம் கிராமப்புறத்தில் 8.4. ஆண்களிடம் 5.8, பெண்களிடம் 9. ஆக, நிபுணர்கள் குறைவாக உள்ள இடத்தில்தான் நோய் அதிகம். அங்கும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்களிடம்தான் அது அதிகமாகக் காணப்படுகிறது. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட, மறதி நோய்க்கு வழிவகுக்கும் மாற்றக்கூடிய 14 காரணிகளில் குறைந்த கல்வியும் ஒன்று. இளமையில் படிப்பின் மூலம் மூளை சேர்த்துவைக்கும் கையிருப்பு, முதுமையில் நோயின் அறிகுறிகளைத் தள்ளிப்போட உதவுகிறது என்பது அதற்கான விளக்கம்.

இந்த இடத்தில் புதுக்கோட்டைக்கென்று ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1991-ல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நாடறிய எழுதினார். தெருவிளக்கின் கீழே முப்பது, முப்பத்தைந்து வயதில் முதன்முதலாகத் தம் பெயரை எழுதிய பெண்கள் இன்று அறுபதுகளின் பிற்பகுதியில் இருக்கிறார்கள். வயது ஏறியபின் புதிதாக ஒன்றைக் கற்க முடியுமா என்ற கேள்விக்கு அவர்கள் ஒருமுறை பதில் சொல்லிவிட்டவர்கள். அதேசமயம் அவர்களில் பலர் இன்றும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களே. படித்துப் பார்த்து விரலால் தொட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் செயலி அவர்களுக்குப் பொருந்தாது. குரலும் படமும் பொருந்தும்.

நினைவுத்திறனை அளக்கும் சோதனைகளிலும் இதே சிக்கல் உண்டு. தேதியை எழுது, வாக்கியத்தைப் படி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்று கேட்கும் சோதனையில் படிக்காத ஒருவர் தோற்றால், அது நோயைக் காட்டுகிறதா, படிப்பின்மையைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய முடியாது. ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் படிக்காத முதியவர்களுக்கென்றே ஒரு சோதனை இந்தியில் உருவாக்கப்பட்டு 1995-ல் வெளியானது இதனால்தான். இணையத்தில் கிடைக்கும் இலவச ‘நினைவுச் சோதனை’யைப் பாட்டிக்கு வைத்துப் பார்த்து வீட்டார் முடிவுக்கு வருவது ஆபத்தானது.

கணினியும் செல்போனும் வைத்து மூளைக்குச் செய்யப்படும் உதவிகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். விளையாட்டுபோல அமைந்த பயிற்சி ஒன்று. பேச்சும் நினைவுகூரலுமாகக் கூடி நடத்தும் தூண்டல் ஒன்று. குறிப்பிட்ட ஒரு வேலையை மீட்டெடுக்கும் மறுவாழ்வு ஒன்று. விளம்பரங்களில் மூன்றும் ஒரே பெயரில் வருகின்றன. விலையும் நம்பிக்கையும் முதல் வகையின் மேல்தான் அதிகம் கொட்டப்படுகின்றன.

விளையாட்டுப் பயிற்சிக்கு ஆதரவான பெரிய சான்று அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரிடம் நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்வு. நினைவு, தர்க்கம், பார்த்ததைச் சட்டென்று உணரும் வேகம் என்ற மூன்றில் ஒன்றைப் பத்து அமர்வுகளில் பயின்றவர்கள் அந்தந்தத் திறனில் முன்னேறினார்கள். வேகப் பயிற்சி பெற்றவர்களிடம் பத்தாண்டுகளுக்குப் பின் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டதாக 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. ஆனால் அவர்கள் நோயில்லாத நிலையில் சேர்ந்தவர்கள். பயிற்சியும் பயிற்றுநர் உடனிருக்க நடந்தது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் 52 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரியவந்தது இன்னும் முக்கியமானது. குழுவாக, ஒருவர் மேற்பார்வையில் செய்த கணினிப் பயிற்சிக்குச் சிறிதளவு பலன் இருந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்ததற்குப் பலனே தென்படவில்லை. வாரம் மூன்று தடவைக்கு மேல் செய்தாலும் பலன் கூடவில்லை. ‘லுமாசிட்டி’ என்ற புகழ்பெற்ற மூளை விளையாட்டை விற்ற நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்ற தோரணையில் ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2016-ல் இருபது லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது. நோய் வந்துவிட்டவர்களைப் பொறுத்தவரை, பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2018-ல் நேரடியாகவே சொல்லிவிட்டது: லேசான, மிதமான அல்சைமர் நோய்க்குச் சிகிச்சையாக இந்தப் பயிற்சியைத் தர வேண்டாம். மாதச் சந்தா கட்டுமுன் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பேரனோடு உட்கார்ந்து தாயமோ பல்லாங்குழியோ ஆடுவது தனியாகத் திரையைத் தொடுவதைவிட நிச்சயம் மேல்; அங்கே எதிரே ஒரு முகம் இருக்கிறது.

அதே நைஸ் அமைப்பு பரிந்துரைப்பது குழுத் தூண்டல் சிகிச்சையை. ஐமி ஸ்பெக்டரும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தில் உருவாக்கி 2003-ல் ஆய்வு முடிவை வெளியிட்ட முறை இது. வாரம் இரண்டு முறை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வுகள். இளமைக்காலம், உணவு, ஒலிகள், காசு, முகங்கள், சொல் விளையாட்டு என்று அமர்வுக்கு ஒரு பொருள். இதில் சரியா தவறா என்ற தேர்வு கிடையாது. “இது யார்?” என்று கேட்பதில்லை, “இவரைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?” என்று கேட்கிறார்கள். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இந்த முறையை இந்தியச் சூழலுக்கு மாற்றியமைத்துச் சோதித்து 2017-ல் முடிவுகளை வெளியிட்டது. கொரோனா காலத்தில் ஆட்கள் கூட முடியாமல் போனபோது, அமர்வுகளைத் திரைவழியே நடத்திப் பார்த்த பன்னாட்டு முயற்சியிலும் இந்தியா இடம்பெற்றது. நோயாளிகள் வீட்டிலும் நடத்துநர் வேறிடத்திலும் இருந்தபடி சந்திக்க முடியும் என்று அது காட்டியது.

வீட்டார் தாமாகவே இதை நடத்தினால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரிட்டனில் 356 நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் பங்கேற்ற ஆய்வு 2017-ல் வெளியானது. நோயாளிகளின் நினைவுத்திறனில் மாற்றம் இல்லை. ஆனால் கவனித்துக்கொள்பவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு மேம்பட்டதாக நோயாளிகள் உணர்ந்தார்கள். கவனிப்பவர்களின் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. நினைவு மதிப்பெண் ஏறவில்லை என்பதால் இதைத் தோல்வி என்று தள்ளிவிடக் கூடாது. “காலையிலேருந்து பத்துத் தடவை இதையே கேக்குறீங்க” என்று சலித்துக்கொள்ளும் வீட்டில், நாளுக்கு அரை மணி நேரம் சலிப்பில்லாத பேச்சு நடப்பது சிறிய மாற்றமல்ல.

இலுப்பூர்ப் பக்கத்து வீட்டில் அந்த அரை மணி நேரத்துக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. புதுக்கோட்டை சமஸ்தானக் காலத்து அம்மன் காசின் படம் ஒன்றைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினால், எண்பத்தைந்தைத் தாண்டியவர்கள் சிறுவயதில் அதை வைத்து என்ன வாங்கினார்கள் என்று பேசத் தொடங்கக்கூடும். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948 மார்ச்சில்தான். சித்தன்னவாசல் மலை, விராலிமலை முருகன் கோயில், அறிவொளிக் காலத்துச் சைக்கிள், புதுக்கோட்டையிலிருந்து திரைக்குப் போன பி. யு. சின்னப்பாவின் பாட்டு என்று எல்லாமே இணையத்தில் தேடினால் கிடைக்கும். தேட வேண்டியது வீட்டிலுள்ள இளையவர். பேச வேண்டியது முதியவர். படத்தைக் காட்டிவிட்டு வாய்மூடிக் காத்திருப்பதுதான் இதில் கடினமான பகுதி. மூளை பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போது அடுத்த கேள்வி விழுந்தால் தேடல் அறுந்துவிடுகிறது.

மூன்றாவது வகைதான் மறுவாழ்வு என்ற சொல்லுக்கு முழுக்கப் பொருந்துவது. கருவிகளைக் கொண்டு அதைச் செய்த முன்னோடி முயற்சி செல்போனுக்கு முந்தியது. கலிஃபோர்னியாவில் லாரி டிரெட்கோல்ட் என்ற பொறியாளரின் மகன் தலையில் அடிபட்டு நினைவிழந்தான். அவனுக்காக அவர் நரம்பு உளவியலாளர் நீல் ஹெர்ஷோடு சேர்ந்து, பேஜர் கருவியில் குறித்த நேரத்துக்குச் செய்தி அனுப்பும் ‘நியூரோபேஜ்’ ஏற்பாட்டை உருவாக்கினார். இங்கிலாந்தில் பார்பரா வில்சன் குழுவினர் 143 பேரிடம் அதைச் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். ‘மாத்திரை சாப்பிடு’, ‘கதவைப் பூட்டு’ என்ற எளிய நினைவூட்டலால், சோதனையை முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் தம் வேலைகளைத் தவறாமல் செய்வதில் தெளிவாக முன்னேறினார்கள். பேஜர் அவர்களுடைய நினைவாற்றலைக் கூட்டவில்லை. வேலை நடந்தது, அது போதுமானதாக இருந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மறதி நோயின் தொடக்கத்திலிருந்த 475 பேரிடம் லிண்டா கிளேர் நடத்திய ‘கிரேட்’ ஆய்வு 2019-ல் இதையே உறுதிசெய்தது. எந்த வேலை மீள வேண்டும் என்பதை நோயாளியே சொன்னார். நிபுணர் வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் பத்து அமர்வுகள் நடத்தினார். தேர்ந்தெடுத்த வேலைகளில் முன்னேற்றம் தெரிந்தது. பொது நினைவுச் சோதனைகளில் மாற்றம் தெரியவில்லை.

இலுப்பூர் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தால் வேலைகள் வேறாக இருக்கும்: தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, கேஸ் அடுப்பை அணைப்பது, சர்க்கரை மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொள்ளாமல் இருப்பது, ரேஷன் கடைக்குப் போகும் நாளை நினைவில் வைப்பது, சிங்கப்பூரிலிருக்கும் மகனைத் தாமாகக் கூப்பிடுவது. இவற்றில் ஒன்றை, அதிகம் போனால் இரண்டை, முதியவரிடமே கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டாரைத் தொந்தரவு செய்யும் மறதி ஒன்றாகவும் அவரை வருத்தும் மறதி வேறாகவும் இருப்பதுண்டு. அவரை வருத்துவதிலிருந்து தொடங்கினால்தான் அவர் ஒத்துழைப்பார்.

மாத்திரைக்கு அலாரம் வைப்பதை எடுத்துக்கொள்ளலாம். வெறும் மணியோசை ஒலித்தால், எதற்கு ஒலிக்கிறது என்று தெரியாமல் பதற்றம்தான் வரும். கைப்பேசியிலேயே பேத்தியின் குரலைப் பதிந்து அலாரமாக வைக்க வழி இருக்கிறது: “அப்பத்தா, மணி எட்டாச்சு. நீல டப்பாவுல இருக்கிற மாத்திரையை இப்பப் போட்டுக்கங்க.” யார், எப்போது, எங்கே, எது என்று நான்கும் அதில் அடங்கியிருக்கின்றன. நீல டப்பா எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அன்றைய மாத்திரை மட்டுமே அதில் இருக்க வேண்டும். வீடு ஒழுங்காக இல்லாமல் கருவி மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை.

மகனை அழைப்பதற்கு, கைப்பேசியின் முகப்பில் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மகன் முகப் படம் ஒன்றையும் மகள் முகப் படம் ஒன்றையும் வைக்கலாம். தொட்டால் அழைப்பு போகும். இதைக் கற்றுக்கொடுப்பதற்கு நினைவிழந்தவர்களுக்கென்றே ஒரு முறை உண்டு. ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-ல் காட்டியபடி, நினைவு தளர்ந்தவர்கள் தவறு செய்து தவறு செய்து கற்க முடியாது. செய்த தவறே மனத்தில் படிந்துவிடுகிறது, அது தவறு என்ற நினைவு படிவதில்லை. “எங்கே, தொட்டுப் பாருங்க பார்ப்போம்” என்று சோதிக்காமல், விரலைப் பிடித்துச் சரியான படத்தின் மேல் வைத்தே பழக்க வேண்டும். பிறகு மெல்லப் பிடியைத் தளர்த்தலாம். அதோடு, இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும் உத்தியைச் சேர்க்கலாம். “தம்பிகிட்டப் பேசணும்னா எதைத் தொடுவீங்க?” என்று ஒரு நிமிடம் கழித்துக் கேட்டு, பதில் சரியாக வந்தால் இரண்டு நிமிடம், நான்கு, எட்டு என்று நீட்டுவது. பதில் வரவில்லையென்றால் உடனே தாமே சொல்லிக்கொடுத்து, சரியாக வந்த பழைய இடைவெளிக்குத் திரும்புவது. நாளுக்குச் சில நிமிடம், சில வாரம் என்று பிடித்துச் செய்தால், மறதி நோயின் தொடக்கத்திலிருப்பவர்கள்கூட இப்படியான ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். கைப்பேசியை அடிக்கடி மாற்றுவதும், திரையில் படங்களின் இடத்தை மாற்றுவதும் இந்த உழைப்பையெல்லாம் கெடுத்துவிடும்.

எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்குக் குரல்வழி பெரிய வசதி. 2017 முதல் கூகுளில் தமிழில் பேசியே எழுத முடிகிறது. இன்றைய தேதி என்ன, மணி என்ன என்று கேட்டாலும் குரலில் பதில் கிடைக்கிறது. நூறாவது தடவை கேட்டாலும் அந்தப் பதிலில் எரிச்சல் இருக்காது. சில முதியவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி. மற்ற சிலரை முகமில்லாத குரல் பயமுறுத்துகிறது. அவர்களிடம் வற்புறுத்தக் கூடாது.

காது கேட்காதவருக்கு இவை எதுவும் பயன்படாது. நினைவுக் குறைவு என்று வீட்டார் எண்ணுவதில் ஒரு பகுதி, சொன்னது காதில் விழாததாக இருக்கும். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரையுள்ள 977 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. மொத்தக் குழுவில் காது கேட்கும் கருவியால் அறிவாற்றல் சரிவில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நோய்க்கான வாய்ப்பு அதிகமுள்ள பிரிவினரிடம் மூன்றாண்டுகளில் சரிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கண்புரையையும் இப்படியே கவனிக்க வேண்டும். பார்வைக் குறைவும் 2024 லான்செட் பட்டியலில் இருக்கிறது. முதியவருக்கென்று பணம் செலவிடும் வீடு, டேப்லெட்டுக்கு முன்னால் காதையும் கண்ணையும் பார்ப்பது நல்லது.

மருத்துவரைப் பார்ப்பது அதற்கும் முன்னால். ‘வயசானா மறதி வரத்தான் செய்யும்’ என்று விட்டுவிடும் மறதிகளில் சில முழுக்கவோ ஓரளவோ சரியாகக்கூடியவை. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், கீழே விழுந்த பின் மூளையுறைக்கடியில் தேங்கும் இரத்தம் எல்லாம் மறதியாகத் தோற்றம் தரும். இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்த குழப்பம் பெரும்பாலும் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ மருந்துக் கோளாறோ ஆகும். அதற்கு உடனடியாக மருத்துவமனை வேண்டும்.

தொலைவிலிருந்து மருத்துவம் பெறுவது புதுக்கோட்டைக்குப் புதிதல்ல. 2010-ல் ஸ்கார்ஃப் நிறுவனம் இந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. நோயாளியும் குடும்பத்தாரும் பேருந்துக்குள் உட்கார, சென்னையிலிருந்து மனநல மருத்துவர் திரையில் பேசினார். மருந்து அங்கேயே கிடைத்தது. தீவிர மனநோயாளிகளுக்காக அமைந்த திட்டம் அது. ஆனாலும் அதன் அமைப்பு மறதி நோய்க்கும் பொருந்தும்: திரைக்கு அப்பால் நிபுணர், இப்பால் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து கொண்டு தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. மருந்தோடு வரும் அதே தன்னார்வலர், பேத்தியின் குரலை அலாரமாகப் பதியவும் முகப் படத்தைத் தொட்டு அழைக்கவும் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். இதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை, சில நாள் பயிற்சி போதும். முதியோருக்கான உதவி எண் 14567; மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை. கவனித்துக்கொள்பவர் தம் சோர்வைச் சொல்லவும் இவற்றை அழைக்கலாம்.

கைப்பேசியோடு ஆபத்தும் வீட்டுக்குள் வருகிறது. நினைவு தளர்ந்தவர் மோசடிக்காரர்களுக்கு எளிய இலக்கு. ஓடிபி கேட்டால் சொல்லிவிடுவார். போலீஸ் என்று மிரட்டினால் நம்பிவிடுவார். பணம் போனதை நினைவில் வைத்துச் சொல்லவும் அவரால் முடியாது. முதியவரிடம் உள்ள கைப்பேசியில் வங்கிச் செயலியும் பணம் அனுப்பும் செயலியும் இருக்கவே கூடாது. வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணை வேறு கைப்பேசிக்கு மாற்றிவிடலாம். தெரியாத எண்களின் அழைப்பை அடைத்துவைக்கலாம். பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். வழி தவறிப் போகிறவர்களுக்கு, இருக்குமிடத்தைக் காட்டும் வசதியைக் கைப்பேசியில் இயக்கிவைப்பது உதவும். அதையும் அவருக்குப் புரியும் நாளிலேயே சொல்லி, சம்மதம் கேட்டுச் செய்வதே மரியாதை. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பதால், சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ முகவரி எழுதிய சீட்டும் இருக்க வேண்டும்.

நோய் முற்றும்போது கருவிகள் ஒவ்வொன்றாக விடைபெறும். பேத்தியின் குரல் கேட்டும் மாத்திரையை எடுக்காமல், அவள் எங்கே என்று அறை அறையாகத் தேடத் தொடங்கினால், அந்த அலாரத்தை நிறுத்திவிட்டு மாத்திரையைக் கையில் கொடுக்கும் நாள் வந்துவிட்டது என்று பொருள். முகப் படத்தைத் தொடுவதும் பின்னர் நின்றுபோகும். பழகிய பாட்டு பலரிடம் இவை எல்லாவற்றுக்கும் பிறகும் நிற்கிறது. பெயர் மறந்தவர் பல்லவியைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை முணுமுணுப்பதைப் பராமரிப்பாளர்கள் அடிக்கடி காண்கிறார்கள். அந்தப் பாடல்கள் எவையென்று அவர் சொல்லக்கூடிய நாளிலேயே கேட்டு, கைப்பேசியில் ஒரு பட்டியலாகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.